கேட்டு எழுதப்படும் நிரல்

பார்வையற்ற நிரலாளர் நிரலைக் காதால் படிக்கிறார். திரையில் இருக்கும் எழுத்தை ஸ்கிரீன் ரீடர் என்று புழங்கும் திரைவாசிப்பான் எடுத்துப் பேச்சுத் தொகுப்பானுக்கு அனுப்புகிறது. தொகுப்பான் அதைக் குரலாக்குகிறது. விரலால் படிக்க விரும்புவோருக்கு அதே எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவிகள் உண்டு. ஆனால் அவற்றின் விலை காரணமாகத் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் காது ஒன்றே வழி. சுட்டிக்கு இங்கே வேலை இல்லை. கோப்பைத் திறப்பது, வரிக்கு வரி நகர்வது, தேடுவது, நிரலை ஓட்டுவது எல்லாம் விசைப்பலகையில்தான். பழகியவர்கள் குரலின் வேகத்தை வெகுவாகக் கூட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அந்த வேகத்தில் மனிதக் குரலை ஒத்த இனிய குரல்கள் குழறிவிடும். ஜொனாதன் டட்டிங்டன் எழுதிய ஈஸ்பீக் என்ற கட்டற்ற தொகுப்பானின் வறண்ட இயந்திரக் குரல் குழறாது. கேட்பதற்கு இனிமையற்ற அந்தக் குரலைப் பல நிரலாளர்கள் விரும்பி வைத்திருப்பதன் காரணம் இதுவே.

உரைநடையில் நிறுத்தற்குறி காதில் விழாவிட்டாலும் பொருள் பெரும்பாலும் கெடாது. நிரலில் ஒரு குறி விடுபட்டால் நிரலே ஓடாது. பைத்தான் மொழியில் பத்து முறை ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் வரியை எடுத்துக்கொள்ளலாம். 'ஃபார் ஐ இன் ரேஞ்ச்' என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் பத்து என்ற எண்ணை இட்டு, முக்காற்புள்ளியில் முடிகிற வரி அது. விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானைப் புதிதாக நிறுவியவர் இந்த வரியில் நின்றால், 'ஃபார் ஐ இன் ரேஞ்ச் டென்' என்பது மட்டும்தான் கேட்கும். அடைப்புக்குறி இருப்பதே தெரியாது. என்விடிஏ விசையோடு பி விசையையும் சேர்த்து அழுத்தி, குறிகளை உச்சரிக்கும் அளவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஒவ்வொரு குறியும் ஒலிக்கும். பல அடைப்புகள் கொண்ட நீண்ட வரியில் குறிகளின் பெயர்களே காதை நிறைத்து, நிரலின் பொருள் அடியில் போய்விடும். கைதேர்ந்தவர்கள் எழுதும்போது ஓர் அளவும் பிழை தேடும்போது வேறோர் அளவுமாக மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

பைத்தானில் இன்னொரு சிக்கல் உண்டு. எந்த வரி எந்தக் கட்டளைக்குள் அடங்கியது என்பதை வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடைவெளிதான் தீர்மானிக்கிறது. கண்ணுக்கு அது ஒரு படிக்கட்டு. காதுக்கு அது வெறும் மௌனம். என்விடிஏ இதற்கு வைத்திருக்கும் தீர்வு எளிமையானது. வரியின் உள்தள்ளல் மாறும்போது ஒரு சிறு ஒலி எழும்; ஒவ்வோர் இடைவெளிக்கும் அதன் சுருதி ஒரு படி ஏறும். நாலு இடைவெளி உள்ளே போன வரியின் சுருதிக்கும் எட்டு இடைவெளி உள்ளே போன வரியின் சுருதிக்கும் உள்ள வேறுபாடு சில வாரப் பழக்கத்தில் காதில் படிந்துவிடும். பார்வையற்ற நிரலாளர்களே இல்லாத ஒரு குழு இப்படியொரு வசதியைத் தானாக எண்ணியிருக்குமா என்பது ஐயமே.

கண் உள்ளவருக்கு ஒரே பார்வையில் கிடைப்பவற்றைக் கணக்கெடுத்தால் இழப்பின் அளவு புரியும். கோப்பு எவ்வளவு நீளம், எந்தச் செயற்கூறு எங்கே தொடங்குகிறது, எது குறிப்புரை, எது மேற்கோளுக்குள் இருக்கும் சொற்சரம், எந்தச் சொல்லின் அடியில் சிவப்புக் கோடு நெளிகிறது என எல்லாமே வண்ணத்தாலும் வடிவத்தாலும் வந்து சேர்கின்றன. காதுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எதுவும் வரும். பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில், பார்வையற்ற ஆய்வாளரான வெங்கடேஷ் பொட்லூரியும் அவரது கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட 'கோட்டாக்' ஆய்வு இந்த இழப்புகளை நான்காக வகுத்தது. கருவியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்றே தெரியாமல் போவது, நிரலின் அமைப்பை ஒரு பார்வையில் அறிய முடியாதது, வேண்டிய இடத்துக்கு விரைந்து நகர முடியாதது, பிழை நேர்ந்தவுடன் எச்சரிக்கை கிடைக்காதது ஆகியவை அவை. விஷுவல் ஸ்டூடியோவுக்கான ஒரு செருகுநிரலாக அவர்கள் தீர்வையும் உருவாக்கினார்கள். பிழை நேரும்போது ஒலி எழும். ஒரு விசையில் கோப்பிலுள்ள செயற்கூறுகளின் பட்டியல் வரும். நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் குறிப்பிட்ட வரியை எட்டியதும் தன் நிலையைத் தானே சொல்லும் பேசும் புள்ளிகளையும் வைக்கலாம். இந்திய மண்ணிலிருந்து, பார்வையற்ற ஒருவரின் தலைமைப் பங்களிப்போடு இந்த வேலை நடந்தது இங்கே பலருக்குத் தெரியாது.

இதற்கு இருபதாண்டுகளுக்கும் மேலாக முன்பே சிக்கலை அடிவேரிலிருந்து எண்ணிப் பார்த்தவர் டி. வி. ராமன். 1965இல் பிறந்து புனேயில் வளர்ந்த அவர், கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை முழுதும் இழந்தார். நவ்ரோஸ்ஜி வாடியா கல்லூரியில் கணிதமும் பம்பாய் ஐஐடியில் கணினியியலும் படித்தார். ஐஐடியில் அவர் செய்த இறுதியாண்டுத் திட்டமே கணித வளைவுகளை ஒலியாகக் கேட்கச் செய்யும் ஒரு நிரல்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், லேடெக் வடிவில் எழுதப்பட்ட கணித ஆவணங்களைக் குரலில் வாசித்துக்காட்டும் 'ஆஸ்டர்' அமைப்பை உருவாக்கினார். அடுக்குக்குறியாக மேலே ஏறும் எழுத்து உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். அமெரிக்கக் கணினியியல் சங்கமான ஏசிஎம்மின் ஆய்வேட்டு விருதை அந்த ஆய்வு பெற்றது.

அடுத்த ஆண்டு, 1995இல், ஈமாக்ஸ்பீக் வெளிவந்தது. ஈமாக்ஸ் என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்துக்காக எழுதிய கட்டற்ற எழுதுகருவி. அதற்குள் இருக்கும் எந்தச் செயற்கூறையும், அதன் மூலநிரலில் கை வைக்காமலேயே, வெளியிலிருந்து விரித்துக்கொள்ளலாம். ராமன் அந்த வாசலைப் பயன்படுத்தினார். கர்சர் நகரும் ஒவ்வொரு கட்டளைக்கும் கூடவே 'நகர்ந்த வரியைப் பேசு' என்ற வேலையை ஒட்டவைத்தார்.

அவர் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு நாட்காட்டி. திரையில் நாட்காட்டி ஒரு கட்டம். கிழமைகள் மேலே, எண்கள் கீழே. சாதாரணத் திரைவாசிப்பான் ஓர் எண்ணின் மீது நின்றால் அந்த எண்ணை மட்டும் சொல்லும். சில வேளை முழு வரிசையையும் எண்களாக ஒப்பிக்கும். எந்த மாதம், என்ன கிழமை என்று தெரிய மேலே போய்ப் பார்த்து நினைவில் வைத்துத் திரும்ப வேண்டும். ஈமாக்ஸ்பீக்குக்குத் திரையே பொருட்டல்ல. நாட்காட்டி நிரலின் உள்ளே இருக்கும் தேதியை நேரே எடுத்து, கிழமை, மாதம், நாள், ஆண்டு என்று முழுதாகச் சொல்லிவிடும். நிரலைப் படிக்கும்போதும் அப்படித்தான்: குறிப்புரை ஒரு குரலில், சொற்சரம் வேறொரு குரலில், மொழியின் கட்டளைச் சொற்கள் இன்னொரு குரலில். கண்ணுக்கு வண்ணம் செய்யும் வேலையைக் காதுக்குக் குரல் மாற்றம் செய்கிறது. திரையில் உள்ளதை வாசிப்பதற்கும் நிரல் அறிந்திருப்பதைப் பேசுவதற்கும் உள்ள இந்த வேறுபாடே ராமனின் பெரிய கொடை. இன்று வரை எழுதப்பட்ட திரைவாசிப்பான்கள் பலவும் அந்த இடத்தை முழுமையாக எட்டவில்லை. அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈமாக்ஸ் மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் ஒரு நிறுவனத்தின் பதிலுக்காக அவர் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

காத்திருப்பு என்பது பார்வையற்ற கணினிப் பயனர்களின் வரலாற்றில் நீண்ட அத்தியாயம். டாஸ் காலத்தில் திரை முழுதும் எழுத்தாக இருந்தது. அதை வாசிப்பது எளிது. டெட் ஹென்டர் என்ற பார்வையற்ற அமெரிக்கப் பொறியாளரின் நிறுவனம் 1989இல் டாஸுக்கான ஜாஸ் திரைவாசிப்பானை வெளியிட்டது. விண்டோஸ் வந்து, எழுத்து இருந்த இடத்தில் படமும் பொத்தானும் சாளரமும் நிறைந்தபோது, அதுவரை வேலை செய்த பலர் ஒரே பாய்ச்சலில் பின்தங்கினார்கள். ஜாஸ் விண்டோஸுக்கும் வந்தது. ஆனால் அதன் உரிமம் ஏறத்தாழ ஆயிரம் டாலர். தமிழ்நாட்டில் ஒரு மடிக்கணினியை விடக் கூடுதலான தொகை அது. இந்த நிலையில் 2006இல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் தனக்கென ஒரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமொன்றில் சிறுவயதில் அறிமுகமான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். அப்படி உருவானதுதான் என்விடிஏ. விலை இல்லை, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் பைத்தானில். ஆகவே அதைப் பயன்படுத்திப் பைத்தான் கற்ற ஒருவர், கற்ற கையோடு அதற்கே ஒரு துணைநிரல் எழுதலாம். உலகெங்கும் பலர் எழுதியிருக்கிறார்கள். இடைமுகம் தமிழிலும் கிடைக்கிறது. கூடவே வரும் ஈஸ்பீக் தமிழும் பேசும்.

லினக்ஸ் பக்கத்திலும் இதே கதைதான். பிரெய்ல் கருவியை லினக்ஸ் முனையத்தோடு இணைக்கும் பிஆர்எல்டிடிஒய் 1995இல் நிகில் நாயர் தொடங்கியது. பின்னர் அதைப் பல்லாண்டுகள் பேணியவர் டேவ் மீல்கே. கணினி தொடங்கும் நொடியிலிருந்தே பேசும் ஸ்பீக்அப், லினக்ஸ் கருவுக்குள்ளேயே இடம்பெற்றிருக்கிறது. நோம் மேசைச்சூழலுக்கான ஓர்க்கா திரைவாசிப்பானைத் தொடங்கியவர் சன் நிறுவனத்தில் இருந்த பார்வையற்ற நிரலாளர் மார்க் முல்கஹி. கருவியைப் பயன்படுத்துபவரே அதைச் செய்பவராகவும் இருப்பது இந்த வட்டத்தில் வழக்கமான நிலை.

ஆனால் மூலநிரல் திறந்திருப்பதாலேயே ஒரு கருவியை எல்லோராலும் அணுக முடியும் என்று ஆகிவிடாது. கட்டற்ற மென்பொருளை நேசிப்பவர்கள் இந்தக் கசப்பை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிட்ஹப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆட்டம் எழுதுகருவி திறமூலம்தான். திரைவாசிப்பான் பயனர்களுக்கு அது நெடுங்காலம் மூடிய கதவாகவே இருந்தது. ஆரக்கிள் நிறுவனம் 2010இல் சன்னை வாங்கியபோது, ஓர்க்காவைத் தாங்கிய அணுகல் குழு கலைந்தது; அதன் பிறகு அந்தத் திரைவாசிப்பானின் சுமை பெரிதும் ஜோன்மேரி டிக்ஸ் என்ற ஒரே பெண்ணின் தோளில் ஏறியது. லினக்ஸ் மேசைச்சூழல்கள் பழைய எக்ஸ் அமைப்பிலிருந்து வேலண்டுக்கு மாறியபோது பாதுகாப்புக் கருதி ஒரு செயலி மற்றொன்றின் விசைகளைக் கேட்கக் கூடாது என்று விதித்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் திரைவாசிப்பானின் வேலையே எந்தச் செயலியில் இருந்தாலும் தன் விசைகளைக் கேட்பது. வடிவமைக்கும்போதே அது நினைவுக்கு வரவில்லை. ஒட்டுவேலை பின்னர் தொடங்கியது. அணுகல் குறைபாட்டை நிரல் சரிந்து விழுவதற்கு இணையான பிழையாகக் கொள்ளாமல், நேரம் கிடைத்தால் செய்யும் நற்செயலாகக் கொள்வதே இவற்றின் பொது வேர்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு விஎஸ் கோட் சான்று. 2015இல் வந்த இந்தத் திறமூல எழுதுகருவி, ஆட்டத்தைப் போலவே உலாவியின் அடித்தளத்தில் கட்டப்பட்டது. திரையில் தெரியும் வரிகளை மட்டும் வரையும் கருவி அது. ஆகவே திரைவாசிப்பானுக்குப் பற்றிக்கொள்ள எழுத்தே இராது. உருவாக்கியவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துப்பெட்டியை உள்ளே வைத்து, கர்சரைச் சுற்றியுள்ள வரிகளை அதில் நிரப்பித் திரைவாசிப்பானுக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் பிழையுள்ள வரியை எட்டினால் ஓர் ஒலி, நிறுத்தப்புள்ளியில் இன்னோர் ஒலி என்று குறிப்பொலிகளும் சேர்ந்தன. ஆல்ட்டும் எஃப்1 விசையும் அழுத்தினால் அணுகல் உதவி திறக்கும். பார்வையற்ற பயனர்கள் தெரிவித்த குறைகளைத் தொடர்ந்து கேட்டதால் வந்த முன்னேற்றம் இது. இன்று பார்வையற்ற நிரலாளர்கள் பலரின் முதன்மைக் கருவி இதுவாகியிருப்பதில் வியப்பில்லை.

இவ்வளவு வளர்ச்சிக்குப் பிறகும் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் கந்தர்வக்கோட்டையில் ஒரு பார்வையற்ற மாணவி நிரல் எழுதக் கற்க முடியுமா? தடை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், அது கணினியில் தொடங்குவதில்லை. இந்தப் பகுதியின் பார்வையற்ற பிள்ளைகள் தஞ்சாவூரில் உள்ள அரசுப் பள்ளி, திருச்சியில் உள்ள பெண்கள் பள்ளி போன்ற சிறப்புப் பள்ளிகளின் விடுதிகளுக்குப் போகிறார்கள். அல்லது உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வந்துபோகும் ஊர்ப்பள்ளியிலேயே படிக்கிறார்கள். இரண்டு வழியிலும், பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணிதமும் அறிவியலும் கணினியும் 'உனக்குச் சரிப்படாது' என்று கலைப்பிரிவுக்குத் திருப்பிவிடும் வழக்கம் வலுவாக இருக்கிறது. தலைநகரிலும் இதுவே நிலை. தில்லியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி 11ஆம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர சிபிஎஸ்இ வாரியத்தோடு போராட வேண்டியிருந்தது. ஐஐடி நுழைவுத்தேர்வில் உரிய ஏற்பாடு கிடைக்காமல், 2013இல் ஸ்டான்ஃபோர்டுக்குக் கணினியியல் படிக்கப் போனார்.

திருப்பிவிடுதலைத் தாண்டி வந்தால் அடுத்து நிற்பது பாடநூல். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் நிரலாக்கத்தின் அறிமுகமாக வருவது ஸ்கிராட்ச். வண்ணக் கட்டைகளைச் சுட்டியால் இழுத்து ஒட்டி, திரையில் ஒரு பொம்மையை நகரவைக்கும் அழகான கருவி. பார்வையற்ற பிள்ளைக்கு அதில் பிடி எதுவும் இல்லை. 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் 2019 முதல் பைத்தானைக் கற்பிக்கிறது. கட்டற்ற மொழி ஒன்றைப் பாடமாக்கியது சிறந்த முடிவு, ஐயமே இல்லை. ஆனால் அந்த நூல் பைத்தானோடு வரும் ஐடில் என்ற சூழலில் நிரல் எழுதச் சொல்கிறது. ஐடில் கட்டப்பட்டிருப்பது டிகே என்ற இடைமுகக் கருவித்தொகுப்பின் மேல். டிகேயில் திரைவாசிப்பானோடு பேசும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இல்லை; அண்மையில்தான் அதைச் சேர்க்கும் வேலை தொடங்கியிருக்கிறது. மாணவி ஐடிலைத் திறந்தால் சாளரத்தின் தலைப்பு ஒலிக்கும். தட்டும் எழுத்துகளும் ஒலிக்கலாம். எழுதிய வரியைத் திரும்பக் கேட்க மேலம்பு விசையை அழுத்தினால் ஒன்றும் வராது. நிரலை ஓட்டினால் விடையும் வராது. பிழைச் செய்தியும் வராது. தன்னால் முடியவில்லை என்றுதான் அவள் நினைப்பாள். கருவி ஊமை என்பதை அவளுக்குச் சொல்ல வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள்.

தீர்வோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதே பைத்தானை நோட்பேடில் எழுதி, கோப்பைச் சேமித்து, கட்டளை வரியில் 'பைத்தான்' என்ற சொல்லையும் கோப்பின் பெயரையும் தட்டி ஓட்டலாம். நோட்பேடு, கட்டளைச் சாளரம் இரண்டையும் என்விடிஏ தடையின்றி வாசிக்கும். பிழை நேர்ந்த வரியின் எண்ணைக் குரல் சொல்லும். நோட்பேடில் கன்ட்ரோலும் ஜி விசையும் அழுத்தி அந்த வரிக்குப் போகலாம். அடுத்த நிலையில் விஎஸ் கோட். என்விடிஏவை நிறுவாமலே ஒரு பென்டிரைவில் வைத்து எந்தக் கணினியிலும் செருகி இயக்கலாம் என்பதால், பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் புதிதாக எதையும் வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

தமிழ் சார்ந்த குறை ஒன்றும் உண்டு. அச்சுக்கென்று உருவான தமிழ் பிடிஎஃப் கோப்புகள் பலவற்றில் எழுத்து ஒருங்குறியில் இல்லாததால் திரைவாசிப்பான் பொருளற்ற ஒலிகளையே தரும். கேரளத்தில் உருவான லியோஸ் போன்ற கட்டற்ற எழுத்துணரிகள் அச்சுப் பக்கத்தைப் படித்து எழுத்தாக்கிக் கொடுக்கின்றன. என்றாலும் நிரல்கள் நிறைந்த பாடநூலில் ஒரு குறி தவறினாலும் பயனில்லை. நூலைத் தட்டச்சு செய்த மூலக்கோப்பையே ஒருங்குறியில் வெளியிடுவதுதான் நேர்வழி. தமிழ்க் குரலைப் பொறுத்தவரை சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி தலைமையில் நடந்த இந்திய மொழிப் பேச்சுத் தொகுப்புப் பணிகள் நல்ல அடித்தளம் இட்டிருக்கின்றன.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடக்கிய கல்வியையும் தகவல் தொழில்நுட்ப அணுகலையும் அரசின் கடமையாக்குகிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. கந்தர்வக்கோட்டை இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு முன்னுதாரணமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. கருவியைக் கைக்குக் கொண்டுவராத கல்வி பாதி என்பதை அந்தப் பெண்கள் சாலையில் ஓட்டிக் காட்டினார்கள்.

12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூலை அடுத்துத் திருத்துவோர், ஐடிலுக்கு மாற்றாக நோட்பேடிலும் கட்டளை வரியிலும் பைத்தானை இயக்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும். செய்முறைத் தேர்வில் திரைவாசிப்பானோடு அமர்ந்து எழுதலாம் என்று தேர்வுத்துறை ஒரு சுற்றறிக்கை விட வேண்டும். அதுவரை காத்திராமல், கந்தர்வக்கோட்டையிலோ வேறெந்த ஊரிலோ கணினி கற்பிக்கும் ஆசிரியர், தம் வகுப்பில் பார்வையற்ற பிள்ளை ஒன்று இருந்தால் இந்த வாரமே என்விடிஏவைப் பென்டிரைவில் இறக்கி, ஹெட்ஃபோனையும் கொடுத்து, நிரலின் முதல் வரியை எழுதச் சொல்லட்டும்.